காலையில் எழாத டோசர்: முதல் ஸ்டார்ட்டும் டீசல் பிரஷரும்

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் புதுச்சேரி உழவர்கரைப் பக்கம் டோசர்களுக்கு வேலை நின்றுவிடும். மண் சொதசொதவென்று இருக்கும்வரை செயின் வண்டியை இறக்க முடியாது. மூலக்குளத்திலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கமோ ஏதாவது ஒரு காலி மனையில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவிடுவார்கள். தை பிறந்து மண் இறுகியதும் மனை சமன் செய்யவும் ஏரிக்கரையில் மண் அணைக்கவும் போன் வரும். அன்று காலை சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், எழாது. பேட்டரி இறங்கும். இன்னொரு பேட்டரி வரும், அதுவும் இறங்கும். மதியத்துக்குள் செல்ஃப் மோட்டார் புகைந்திருக்கும்.

இந்த அத்தியாயம் அந்தக் காலைக்காக. நம் ஊரில் எழாத டீசல் எஞ்சினுக்குக் குளிர் அரிதாகவே காரணம். ராத்திரியில் டீசல் லைன் காலியாகி, பிரஷர் போய்விடுவதே பெரும்பாலும் காரணம். அதனால் செல்ஃபைத் தொடும் முன் டீசலைப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

## எந்த வண்டிகளுக்கு இது?

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு 1947-இல் மத்திய டிராக்டர் அமைப்பு தொடங்கியது. புல் மண்டிய தரிசு நிலங்களை மீட்க இன்னும் டிராக்டர்கள் வாங்க 1949-இல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. 1964-இல் பெங்களூரில் பி.இ.எம்.எல். தொடங்கிய பிறகு, ஜப்பானின் கொமாட்சு வடிவமைப்பில் டோசர்கள் இங்கேயே வந்தன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை டோசர்களை மணிக்கணக்கில் விவசாயிகளுக்கு வாடகைக்கு விட்டுவருகிறது.

இப்போது தனியார் கையில் இருக்கும் பழைய செயின் வண்டிகள் பல கை மாறி வந்தவை. கூட வந்த புத்தகம் தொலைந்திருக்கும், டேஷ்போர்டில் பாதி கேஜ்கள் செத்திருக்கும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் எழுதியது இது. நாம் மைக்கோ பம்ப் என்று சொல்லும், வரிசையாகப் பிளஞ்சர்கள் உள்ள இன்லைன் பம்ப் வண்டிகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கம்மின்ஸ் எஞ்சினுக்கும், பெட்ரோல் குட்டி எஞ்சின் வைத்த பழைய கேட்டர்பில்லருக்கும் கடைசியில் தனிக் குறிப்பு உண்டு.

## இவ்வளவு தெரிந்தால் போதும்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காக நெருக்கும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அதற்கு மூன்று வேண்டும்: வேகமான சுற்று, கசியாத கம்ப்ரஷன், காற்றுக்குமிழி இல்லாத டீசல்.

டீசல் லைனில் இரண்டு பிரஷர்கள் உண்டு.

- கீழ்ப் பிரஷர்: டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் இழுத்து, ஃபில்டர் வழியாக மைக்கோ பம்புக்குத் தள்ளுவது. பெரும்பாலான இன்லைன் பம்புகளில் 1 முதல் 1.5 கிலோ.
- மேல் பிரஷர்: மைக்கோ பம்ப் நாசிலுக்குத் தள்ளுவது. நாசில் திறக்கவே ஏறக்குறைய 200 கிலோ வேண்டும்.

டீசல் நசுங்காது, காற்று நசுங்கும். லைனில் ஒரு குமிழி இருந்தால் பிளஞ்சர் அந்தக் குமிழியை நசுக்குவதோடு நின்றுவிடும். நாசில் திறக்காது. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உள்ளே ஒரு சொட்டு டீசல் போகாது.

உங்கள் வேலையெல்லாம் கீழ்ப் பிரஷரில்தான். மேல் பிரஷர், பம்பைக் கழற்றிச் சரிசெய்யும் பம்ப் ரூம்காரர் வேலை.

## குளிரா, டீசலா?

மார்கழி விடியற்காலையில்கூட புதுச்சேரியில் சுமார் 20 டிகிரி இருக்கும். நம் நாட்டு டீசலுக்கான தர அளவு ஐ.எஸ். 1460. அதன்படி குளிர்கால டீசல் உறையும் நிலை 3 டிகிரிக்கு மேலும், கோடைக்கால டீசல் உறையும் நிலை 15 டிகிரிக்கு மேலும் போகக் கூடாது. ஆக, உழவர்கரையில் டீசல் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்க வழியில்லை. அது உறைபனி விழும் ஊட்டிப் பக்கத்துப் பிரச்சினை.

காலைக் குளிர் இங்கே வேறு விதத்தில் காட்டிக்கொடுக்கும். ரிங்கும் லைனரும் தேய்ந்த எஞ்சின் மதிய வெயிலில் எப்படியோ எழுந்துவிடும், காலையில் அடம்பிடிக்கும். அதாவது ஏற்கெனவே இருக்கிற தேய்மானத்தைக் குளிர் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. அதனால் டீசலும் பேட்டரியும் சரி என்று உறுதியான பிறகே குளிரைக் குறை சொல்லுங்கள்.

## முதலில் பாதுகாப்பு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். டோசர் தானாக நகர்ந்தால் நிறுத்துவதற்கு ஆள் பலம் போதாது.

1. பிளேடைத் தரையில் இறக்கி வையுங்கள். கியர் நியூட்ரல். பார்க்கிங் பிரேக் லாக் போட்டிருக்க வேண்டும். செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
2. ஸ்டார்ட் செய்பவர் சீட்டில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். தரையில் நின்றுகொண்டு செல்ஃப் மோட்டார் டெர்மினல்களில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துச் சுற்றவே கூடாது. கியரில் இருந்தால் வண்டி எழுந்த உடனே நகரும், நிற்பவர் செயினுக்குப் பக்கத்தில் இருப்பார்.
3. ஓடும் எஞ்சினில் மேல் பிரஷர் பைப் கசிகிறதா என்று விரலால் தடவாதீர்கள். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவே தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனாலும் அது அறுவை சிகிச்சை வரை போகக்கூடிய அவசரம். மணி பார்க்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் பிரஷரோடு உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.
4. டீசல் துணியைக் கொளுத்தி ஏர் இன்டேக்கில் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏர் எடுக்கும்போது, அதாவது லைனிலிருந்து காற்றை வெளியேற்றும்போது, சிந்திய டீசல் கீழேயே கிடக்கும்.
5. பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
6. ஏர் இன்டேக் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு கனமான பலகையைத் தயாராக வையுங்கள். எதற்கு என்று கீழே வருகிறது.

## தேவையான சாமான்கள்

- ஸ்பேனர் செட், நல்ல டார்ச்
- புதிய ஃபில்டர், புதிய காப்பர் வாஷர்கள் (ஒவ்வொரு அளவிலும் நான்கு)
- 0 முதல் 4 கிலோ வரை காட்டும் பிரஷர் கேஜ், அதற்கான பேன்ஜோ கனெக்ஷன்
- உள்ளே ஓடுவது தெரியும் டீசல் ஹோஸ், ஒரு அடி
- மல்டிமீட்டர்
- சுத்தமான வாளி, வெள்ளைக் கண்ணாடி பாட்டில்
- நூல் உதிராத பழைய பருத்தி வேட்டித் துணி. காட்டன் வேஸ்ட் வேண்டாம். அதன் ஒரு இழை ஃபீட் பம்ப் வால்வில் மாட்டினால் ஒரு நாள் வேலை போகும்.

## மாலை வேலை: நாளைய ஸ்டார்ட் இன்றே

1. வேலை முடிந்ததும் எஞ்சினை 5 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள்.
2. டேங்கை நிரப்புங்கள். பாதி காலியான டேங்கில் ராத்திரி ஈரக்காற்று வியர்த்து நீராகி அடியில் இறங்கும்.
3. சைலன்சர் வாயில் மூடி இல்லையென்றால் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழை திறந்த சைலன்சர் வழியாக இறங்கினால், திறந்திருக்கும் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள்ளேயே போய்ச் சேரும். நீரும் நசுங்காது. செல்ஃப் அடித்த முதல் நொடியிலேயே கனெக்டிங் ராட் வளையும்.
4. நீண்ட நாள் நிறுத்துவதானால் பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள். நம் ஊர் உப்புக்காற்று டெர்மினலில் பச்சைப் பூ பூக்க வைத்துவிடும்.

## காலை: செல்ஃபுக்கு முன் பத்து நிமிடம்

1. சைலன்சர் டப்பாவை எடுங்கள். எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் பாருங்கள். ஆயில் பாலைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள்.
2. டேங்க் அடி டிரெயினையும் வாட்டர் செபரேட்டர் டிரெயினையும் திறந்து, கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். 5 நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். தண்ணீர் தெரிந்தால் சுத்த டீசல் வரும்வரை விடுங்கள்.
3. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கோரிமேட்டுச் செம்மண்ணில் ஓடிய வண்டி என்றால் கட்டாயம்.
4. ஆக்ஸிலேட்டர் லிங்கையும் ஸ்டாப் லீவரையும் கையால் முழுதாக நகர்த்திப் பாருங்கள். வழுவழுவென்று போய்த் திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் நின்ற பம்பில் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் ஒட்டிக்கொள்ளும். மூடிய நிலையில் ஒட்டினால் டீசல் வராது. திறந்த நிலையில் ஒட்டினால் ஆபத்து: எஞ்சின் எழுந்ததும் கட்டுப்பாடு இல்லாமல் ரேஸ் ஆகும். லீவர் இறுக்கமாக இருந்தால் மேலே போகாதீர்கள், பம்ப் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
5. இரண்டு வாரத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால், ஸ்டாப் லீவரை இழுத்து வைத்து எஞ்சினை பார் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக நின்றால் சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம். நாசில்களைக் கழற்றி வெளியேற்றாமல் செல்ஃப் அடிக்காதீர்கள்.
6. டீசலைக் கையால் தள்ளும் ஹேண்ட் பிரைமரை அழுத்துங்கள், எத்தனை தடவை என்று எண்ணுங்கள். பத்துக்குள் பிரைமர் கெட்டியானால் லைன் நிரம்பியிருக்கிறது. நாற்பது ஐம்பது ஆகிறது என்றால் ராத்திரி டீசல் இறங்கிவிட்டது. இந்த எண்ணிக்கையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடினால் கோளாறு வளர்கிறது. வண்டி நிற்பதற்கு முன்பே இந்த நோட்டு சொல்லிவிடும்.

## ஸ்டார்ட் செய்யும் வரிசை

1. கீழே யாரும் இல்லையென்று குரல் கொடுத்து உறுதி செய்யுங்கள்.
2. நீண்ட நாள் நின்ற வண்டியில், ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். தேவைப்பட்டால் 2 நிமிடம் விட்டு இன்னொரு முறை. ஆயில் பிரஷர் முள் அசைய வேண்டும். உலர்ந்த பேரிங்கில் எஞ்சினை எழுப்பாதீர்கள்.
3. க்ளோ பிளக் உள்ள எஞ்சினில் ஹீட்டர் சிக்னல் சிவக்கும்வரை பிடியுங்கள்.
4. ஸ்டாப் லீவரை விட்டு, ஆக்ஸிலேட்டரைக் கால் பங்கு வைத்து, செல்ஃப் அடியுங்கள். ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டாம். அடுத்த முறைக்கு முன் 2 நிமிடம் ஆற விடுங்கள். செல்ஃப் மோட்டாரைக் காப்பாற்றுவது அந்த 2 நிமிடம்தான்.
5. எழுந்ததும் ஆக்ஸிலேட்டரைக் குறையுங்கள். 10 விநாடிக்குள் ஆயில் பிரஷர் வராவிட்டால் நிறுத்துங்கள்.
6. 5 நிமிடம் மெதுவாக ஓடட்டும். தண்ணீர் வெதுவெதுப்பான பிறகே லோடு.
7. எழுந்த எஞ்சின் வேகம் பிடித்துக்கொண்டே போனால் ஸ்டாப் லீவரை இழுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் தயாராக வைத்த பலகையால் ஏர் இன்டேக்கை மூடுங்கள். கையாலோ துணியாலோ மூடாதீர்கள், உள்ளே இழுத்துவிடும்.

ஸ்ப்ரே பற்றி: ஈத்தர் ஸ்ப்ரே அடித்து எழுப்புவது பழகிப்போன வழி. க்ளோ பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள எஞ்சினில் அது இன்டேக்கிலேயே வெடிக்கும். மற்ற எஞ்சின்களிலும் ரிங்கை உடைக்கும், பிஸ்டனைப் பிளக்கும். டீசல் வராத எஞ்சினுக்கு ஸ்ப்ரே மருந்தும் அல்ல. 20 டிகிரியில் ஸ்ப்ரே கேட்கும் எஞ்சின் பழுதைத்தான் சொல்கிறது.

## எழவில்லையா? புகையைப் பாருங்கள்

மூன்று முறை செல்ஃப் அடித்தும் எழவில்லை என்றால் நிறுத்துங்கள். ஒருவரைச் சைலன்சரைப் பார்க்கச் சொல்லி நான்காம் முறை அடியுங்கள்.

- புகையே இல்லை: டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. ஏர் எடுக்க வேண்டும். ராக், ஸ்டாப் லீவர், ஃபில்டர் பாருங்கள்.
- வெள்ளைப் புகை: டீசல் போகிறது, பற்றவில்லை. சுற்று மெதுவா என்று கவனியுங்கள். சுற்று நன்றாக இருந்தால் க்ளோ பிளக், டீசலில் தண்ணீர், நாசில், கடைசியாகக் கம்ப்ரஷன்.
- கறுப்புப் புகை, ஆனால் எழாது: காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், இன்டேக்கில் எலிக்கூடு, குளவிக்கூடு.

சுற்று மெதுவாக இருந்தால் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 24 வோல்ட் வண்டியில் சுற்றும்போது 18-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி. 20-க்கு மேல் நின்றும் மெதுவாகச் சுற்றினால் கேபிள், எர்த் பட்டை, அல்லது செல்ஃப் மோட்டார். எர்த் பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து மாட்டுவது காசில்லாத வேலை. அதை முதலில் செய்யுங்கள்.

## ஏர் எடுக்கும் முறை

டீசல் போகும் வழியிலேயே, டேங்க் பக்கமிருந்து தொடங்கி எஞ்சின் பக்கம் போங்கள். வரிசை மாறினால் காற்று முன்னே போய் நின்றுகொள்ளும்.

1. டேங்க் காக் முழுதும் திறந்திருக்கிறதா, டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கிறதா பாருங்கள்.
2. ஃபில்டர் தலையிலும் மைக்கோ பம்பிலும் உள்ள ப்ளீடிங் ஸ்க்ரூக்களைச் சுற்றித் துடையுங்கள். திறந்த இடத்தில் விழும் ஒரு மணல் துகள் பிளஞ்சரைக் கீறும்.
3. முதல் ஃபில்டரின் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி ஹேண்ட் பிரைமரை அழுத்துங்கள். முதலில் நுரை, பிறகு விட்டுவிட்டு வரும் குமிழி, பிறகு கண்ணாடிபோல் நேராக ஓடும் டீசல். அந்த நேர் ஓட்டம் வந்ததும், பிரைமரை அழுத்திய நிலையிலேயே ஸ்க்ரூவை இறுக்குங்கள். விட்டுவிட்டு இறுக்கினால் அதே வழியில் காற்று திரும்பும்.
4. இரண்டாம் ஃபில்டர் இருந்தால் அதற்கும் அப்படியே.
5. மைக்கோ பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அப்படியே. பம்புக்குள் காற்று ஒளிந்திருக்கும், குறைந்தது 30 அழுத்து கொடுங்கள்.
6. பிரைமர் கைப்பிடியை மரையில் பூட்டுங்கள். பூட்டாமல் விட்ட கைப்பிடி வழியாகவே காற்று இழுக்கும்.
7. செல்ஃப் அடித்துப் பாருங்கள். இன்னும் புகை இல்லையென்றால் நாசில் பக்கத்துப் பைப் நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, மேலே துணி போர்த்தி, கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று 5 விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துடிப்பு வந்ததும் இறுக்குங்கள். மேல் பிரஷர் பக்கம் நீங்கள் தொடக்கூடிய ஒரே இடம் இதுதான். எஞ்சின் ஓடும்போது அதையும் தொடாதீர்கள்.
8. சிந்திய டீசலை மணல் போட்டு எடுத்து டப்பாவில் சேருங்கள். உழவர்கரையில் வாய்க்காலில் விடும் டீசல் கனகன் ஏரியிலோ நம் போர்வெல் தண்ணீரிலோதான் வந்து நிற்கும்.

## கீழ்ப் பிரஷரை அளப்பது

டேஷ்போர்டில் டீசல் பிரஷர் கேஜ் இருந்தால் நல்லது. பழைய வண்டிகளில் அந்தக் கேஜை நம்ப முடியாது, தனிக் கேஜ் மாட்டுங்கள்.

1. எஞ்சினை நிறுத்தி, ஃபில்டரிலிருந்து மைக்கோ பம்புக்குப் போகும் பேன்ஜோவில் கேஜை மாட்டுங்கள். புதிய காப்பர் வாஷர் போடுங்கள்.
2. ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து, மெதுவான ஓட்டத்தில் அளவைக் குறியுங்கள். பிறகு முழு ஆக்ஸிலேட்டரில். உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் எண்ணே இறுதி. புத்தகம் இல்லையென்றால் 1 முதல் 1.5 கிலோவைக் கணக்காக வையுங்கள்.
3. அதே கேஜை ஃபில்டருக்கு முன்னால் மாட்டி மறுபடி பாருங்கள்.

முள் சொல்வதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள்:

- முன்னால் அதிகம், பின்னால் குறைவு: ஃபில்டர் அடைப்பு. மாற்றுங்கள்.
- இரண்டு இடத்திலும் குறைவு: ரிட்டர்ன் ஹோஸைச் சில விநாடி மட்டும் மெல்லக் கிள்ளிப் பாருங்கள். பிரஷர் ஏறினால் ஓவர்ஃப்ளோ வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஃபீட் பம்ப் பலமிழந்திருக்கிறது, அல்லது டேங்க் பக்கம் அடைப்பு.
- முள் நடுங்குகிறது: டீசலோடு காற்று வருகிறது.
- ஆரம்பத்தில் சரி, அரை மணியில் இறங்குகிறது: டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. செம்மண் தூசி அதைச் சிமெண்ட் போலப் பூசிவிடும்.
- எஞ்சினை நிறுத்தியதும் முள் உடனே பூஜ்யத்துக்கு விழுகிறது: ஃபீட் பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வு உட்காரவில்லை. ராத்திரி டீசல் இறங்குவதற்கு இதுவும் ஒரு வழி.

## ராத்திரியில் இறங்கும் டீசலைப் பிடிப்பது

ஃபீட் பம்புக்கு அந்தப் பக்கம், அதாவது டேங்க் பக்கம், இழுக்கும் லைன். அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் எங்கும் ஈரம் இல்லாமலேயே வண்டி எழாமல் போகிறது.

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு டோசர் தினமும் காலையில் மட்டும் அடம்பிடித்தது. ஃபில்டர் மாற்றினார்கள், ஃபீட் பம்ப் புதிதாக வாங்கினார்கள், மைக்கோ பம்பைக் கழற்றிக் கேலிபரேஷனுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான்ணே ஓடுச்சு" என்றார் ஆபரேட்டர்.

"ஓடறப்போ பம்ப் இழுத்துக்கும் தம்பி. நிறுத்துனப்புறம் யாரு இழுத்துப் பிடிக்கறது?" என்றார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மெக்கானிக்.

அவர் ஸ்ட்ரெய்னர் பேன்ஜோவைக் கழற்றி, காப்பர் வாஷரை உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தார். நகத்தால் கீறியது போல ஒரு கோடு, உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை. பலமுறை கழற்றி மாட்டிய பழைய வாஷர். புதியது போட்டார். மறுநாள் காலை வண்டி முதல் செல்ஃபில் எழுந்தது. அதற்குள் ஒரு வார வாடகையும் கேலிபரேஷன் காசும் போயிருந்தன. அன்றிலிருந்து கழற்றிய காப்பர் வாஷரை நான் திரும்பப் போட்டதில்லை.

தேடும் வரிசை:

1. ஸ்ட்ரெய்னருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டுங்கள். ஏர் எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் வைத்துப் பாருங்கள்.
2. குமிழி ஓடினால் காற்று அதற்கு முன்னால் நுழைகிறது: ஸ்ட்ரெய்னர் கிண்ண வாஷர், பேன்ஜோ வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ், உரசித் தேய்ந்த பைப், டேங்க்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் விரிசல். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.
3. குமிழி இல்லை, ஆனால் நிறுத்தியதும் ஹோஸில் டீசல் டேங்க் பக்கமாகப் பின்னோக்கி நகர்கிறது என்றால் ஃபீட் பம்ப் வால்வு. கழற்றி, சுத்த டீசலில் கழுவி, வால்வு உட்காரும் இடத்தைப் பாருங்கள். நூல் இழை, துரு, குழி இருக்கும். குழி இருந்தால் ரிப்பேர் கிட் போடுங்கள்.
4. வேலை முடிந்ததும் தற்காலிக ஹோஸை எடுத்துவிட்டு முறையான டீசல் ஹோஸைப் போடுங்கள். எஞ்சின் சூட்டில் தற்காலிக ஹோஸ் நிற்காது.

குறிப்பு: 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 டீசல், அதில் கந்தகம் 10 பி.பி.எம். மட்டும். இந்த டீசலில் பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசியத் தொடங்கியிருந்தால், சீல்களைப் புதுத் தலைமுறைப் பொருளில் கேட்டு வாங்கி ஒரேயடியாக மாற்றுங்கள்.

## கம்மின்ஸ் பி.டி. பம்ப் உள்ள டோசர்

இதில் மைக்கோ பம்ப் முறை செல்லாது. பம்பே கீழ்ப் பிரஷரை உண்டாக்கி அளந்து அனுப்பும், நாசிலுக்குப் பதில் கேமால் இயங்கும் இன்ஜெக்டர்.

1. புதிய ஃபில்டரில் சுத்த டீசலை நிரப்பி மாட்டுங்கள்.
2. பம்ப் மேல் பிளக்கைத் திறந்து சுத்த டீசல் ஊற்றி மூடுங்கள். உலர்ந்த கியர் பம்ப் டீசலை இழுக்காது.
3. சாவி போட்டதும் ஷட்-ஆஃப் சோலினாய்டில் "டக்" என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதன் டெர்மினலில் வோல்ட் பாருங்கள்.
4. கரண்ட் வரவில்லையென்றால், அதிலுள்ள கைத்திருகை வலப்பக்கம் முழுதும் திருகினால் வால்வு திறக்கும். அப்படி எழுப்பினால் சாவியால் எஞ்சின் நிற்காது. நிறுத்த, திருகைத் திரும்ப இடப்பக்கம் விட வேண்டும். இதை ஆபரேட்டரிடம் சொல்லாமல் போகாதீர்கள்.

## பெட்ரோல் குட்டி எஞ்சின் உள்ள பழைய கேட்டர்பில்லர்

1. பெட்ரோல் எஞ்சினை முதலில் எழுப்பிச் சூடேற விடுங்கள். பெரிய எஞ்சினுக்கும் அதற்கும் ஒரே தண்ணீர் ஓடும், அதன் புகைச் சூடு இன்டேக்கையும் சூடாக்கும். எழுப்பும் சூடு இதிலேயே வருகிறது.
2. டீசலை மூடி, கம்ப்ரஷன் விடுக்கும் லீவரைப் போட்டு, குட்டி எஞ்சினால் பெரிய எஞ்சினைச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் வரட்டும்.
3. லீவரைக் கம்ப்ரஷனுக்கு மாற்றி இன்னும் சில நிமிடம் சுற்றுங்கள்.
4. டீசல் கேஜ் நார்மல் பகுதிக்கு வந்த பிறகு டீசலைத் திறங்கள்.

பெட்ரோல் டேங்க்கில் ஊற்றும்போது குட்டி எஞ்சின் நின்று ஆறியிருக்க வேண்டும்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- பிரைமரைத் தொடாமல் செல்ஃபால் டீசலை இழுக்கப் பார்ப்பது.
- ஃபில்டரை மாற்றிவிட்டு ஏர் எடுக்காமல் ஸ்டார்ட் செய்வது.
- கேனிலிருந்து வடிகட்டாமல் டீசல் ஊற்றுவது.
- ப்ளீடிங் ஸ்க்ரூவை ஓங்கி இறுக்கி மரையை அழிப்பது.
- கேஜ் மாட்டிப் பார்க்காமலே மைக்கோ பம்பைக் கழற்றுவது. சீல் உடைந்த பம்ப் கேலிபரேஷன் இல்லாமல் திரும்பச் சரியாகாது.
- டார்க் கன்வர்ட்டர் உள்ள டோசரை இழுத்து ஸ்டார்ட் செய்ய முயல்வது. எத்தனை தூரம் இழுத்தாலும் எஞ்சின் சுற்றாது.

## எப்போது பம்ப் ரூமுக்குப் போக வேண்டும்?

கீழ்ப் பிரஷர் சரி, குமிழி இல்லை, சுற்று வேகம் சரி, ஸ்டாப் லீவர் சரி. இவ்வளவும் பார்த்த பிறகும் எழாவிட்டால் நாசில்களைச் சோதிக்கக் கொடுங்கள். அடுத்து கம்ப்ரஷன் அளவு. மைக்கோ பம்ப் கடைசி. தட்டாஞ்சாவடிக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ எங்கே கொண்டுபோனாலும், நீங்கள் எழுதிய நோட்டைக் கூடவே எடுத்துப் போங்கள். பிரைமர் எத்தனை அழுத்து, ஃபில்டருக்கு முன் எத்தனை கிலோ, பின் எத்தனை கிலோ, என்ன நிறப் புகை: இந்த நான்கும் கையில் இருந்தால் நல்ல மெக்கானிக்குக் கோளாறு எங்கே என்று உட்கார்ந்த இடத்திலேயே பிடிபடும், வேண்டாத சாமான் எதையும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

நாளை காலை வண்டிக்குப் போனதும் சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரைமரில் கை வையுங்கள், எண்ணுங்கள், நோட்டில் எழுதுங்கள். சாவி அதற்குப் பிறகு.